மூணாம் முக்கு மகிழ்ச்சி

தினமும் காலை ஏழு பத்துக்கு மதுரையிலும் திருப்பூரிலும் சிவகாசியிலுமாக ஆயிரத்து முந்நூறு பேருக்கு ஒரே நேரத்தில், காரணமே இல்லாமல், நெஞ்சு லேசாகும். சிலர் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள். சிலர் கண்ணைத் துடைப்பார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், "அந்த வளைவில் எனக்குக் கல்யாணமான புதிதில் இருந்ததுபோல் இருந்தது, வீட்டில் சொல்லிவிடாதீர்கள்" என்று கருத்து எழுதியிருந்தார்.

இத்தனை பேரும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள். அவர்களுக்காக நடப்பவள் ஒருத்திதான், பூண்டுக்காடு ஜெசிந்தா.

பூண்டுக்காடு மலைக்குச் சுற்றுலா வண்டிகள் ஏறுவது நின்று ஆறு வருடம் ஆகிறது. அதற்குப் பதிலாக வந்ததுதான் இந்த நடை. ஜெசிந்தா உடம்பை ஒட்டினாற்போல் ஒரு சாம்பல் நிறச் சட்டை போட்டுக்கொள்வாள். நெற்றியில் பொட்டு அளவுக்கு ஒரு கேமரா. அவள் கன்னத்தில் படுகிற பனியும், காலடியில் நசுங்கும் புல்லின் வாசமும், ஏற்றத்தில் தொடையில் பிடிக்கிற வலியும் அந்த நொடியே கீழ்நாட்டு நாற்காலிகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஆயிரத்து முந்நூறு பேர் மலைக்கு வந்துபோவார்கள். மலையில் படுவது ஒரு ஜோடிச் செருப்புதான்.

கம்பெனிக்காரர்கள் இதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். ஊரில் யாருக்கும் அது வாயில் நுழையவில்லை. "சட்டையப் போட்டாச்சா?" என்றுதான் கேட்பார்கள். பக்கத்து வீட்டுப் புஷ்பம் கேட்பது வேறு மாதிரி இருக்கும். "ஏத்தா, தெனம் ஆயிரம் பேரச் சொமந்துட்டுப் போற. ஒருத்தராச்சும் ஒன் மூட்டு வலிக்குத் தைலம் வாங்கி அனுப்பினாகளா?"

நடையில் மூன்றாவது வளைவுக்கு மூணாம் முக்கு என்று பெயர். அங்கே பாதை ஒரு பள்ளத்தின் விளிம்பில் திரும்பும். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் சாமைமேடு. மேடு முழுக்கப் புல்தான், மடிப்பில் மட்டும் கொஞ்சம் சோலைக்காடு. மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு கோடையில் சொட்டுச் சொட்டாக விடுகிற புல். பூண்டுக்காட்டின் ஐந்து ஓடைகளும் அங்கேதான் பிறக்கின்றன.

அந்த மேட்டில் தினமும் காலையில் சிவப்பு ஸ்வெட்டர் போட்ட ஒரு மனிதன் மண்வெட்டியோடு நிற்பான். புல்வெளியைத் தின்றுவந்த வெளிநாட்டுச் சீகை மரக் கன்றுகளை வேரோடு தோண்டி எடுப்பது வனத்துறையில் அவன் வேலை. பெயர் சகாயம். ஜெசிந்தாவின் புருஷன். இருவரும் பேசி ஆறு வருடம் ஆகிறது.

சண்டை எதற்கு என்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்போது சகாயம் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தான். சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு புல்வெளிமேல் போவான். ஜீப் போன தடம் அடுத்த மழையில் வாய்க்காலாகும், அதற்கடுத்த மழையில் பள்ளமாகும். அந்த வருடம் மே மாதத்தில் ஒரே நாளில் எட்டாயிரம் கார்கள் மலைக்கு வந்தன. புஷ்பத்தின் வீட்டுக்காரர் நெஞ்சுவலியோடு ஆம்புலன்ஸில் படுத்தபடி நாலு மணி நேரம் கார்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டார். அவர் மருத்துவமனை போய்ச் சேரவே இல்லை. மலையை மூடுவதா வேண்டாமா என்று கிராமசபை கூடியது. கை தூக்கி எண்ணினார்கள். இரண்டு பக்கமும் சரிசமமாக நின்றபோது, தூக்காமல் இருந்தது ஒரே ஒரு கை. ஜெசிந்தா தூக்கினாள். மலை மூடப்பட்டது, அன்றைக்கே சகாயம் தன் ட்ரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு மேட்டடியில் இருந்த வனத்துறை வாட்ச்சர் குடிசைக்குப் போய்விட்டான்.

பங்குச் சாமியார் பேசிப் பார்த்தார். திருச்சியில் கட்டிக்கொடுத்த மகள் ரெஜினா ஞாயிறுதோறும் இரண்டு பேரையும் தனித்தனியாகப் போனில் கூப்பிட்டு, அங்கே நடந்ததை இங்கேயும் இங்கே நடந்ததை அங்கேயும் செய்தி வாசித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. "ஜீப்பு போனா மசுரு போச்சு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுத் தூக்கியிருக்கலாம்ல?" என்று சகாயம் மகளிடம் சொன்னானாம். ஜெசிந்தாவும் விடவில்லை. "சொன்னா விட்டிருப்பாரா?" என்றாள்.

மூணாம் முக்கில் ஜெசிந்தா அவனைப் பார்க்கவே மாட்டாள். அதில் அவள் கறார். பாதையைப் பார்ப்பாள், வானத்தைப் பார்ப்பாள், பள்ளத்தைப் பார்ப்பாள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற வழியில் கண் எங்கெல்லாம் நின்றுவிட்டுப் போகிறது என்பதற்கு அவள் பொறுப்பில்லை.

* * *

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் கம்பெனி இன்ஜினியர் ரிஸ்வானா பஞ்சாமிர்த டப்பாவோடு வந்து இறங்கினாள். பழநிக்காரி. இருபத்தெட்டு வயது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முகமெல்லாம் பல்லாக இருந்தது.

"அக்கா, நல்ல சேதி. மலையில ஒரே ஒரு கட்டடத்துக்கு சுற்றுலா வாரியம் சம்மதிச்சிருச்சு. நூத்தி இருபது ரூம். கீழருந்து ரோப் கார். வண்டி கெடையாது, பொக கெடையாது."

"எங்குட்டுக் கட்டப் போறாக?"

"அதுதான் விசேஷமே. ஒங்களாலதான் எடமே முடிவாச்சு. சாமைமேட்டுல!"

ஜெசிந்தா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

"என்னாலயா? நான் என்னத்தப் பண்ணேன்?"

"ஒங்க நெஞ்சுல ஒரு பட்டை கட்டுறோம்ல? மூச்சு, துடிப்பு எல்லாம் எடுக்குமே, அதுலருந்து ஒரு நம்பர் போடுவோம். மனசு எம்புட்டு நெறைவா இருக்குன்னு. அதுல ஒரு சாயல் கீழ ஒக்காந்துருக்குறவங்களுக்கும் போகும். மலை முழுக்க அறுபது, எழுவதுல ஓடுற நம்பரு மூணாம் முக்குல மட்டும் தொண்ணூத்தொண்ணுக்கு ஏறுது. தெனமும். நாலு வருச ரெக்கார்டு இருக்கு."

"என் நெஞ்சுக்குள்ள என்ன நடக்குதுன்னு அவகளுக்குத் தெரியுமா?" என்று கேட்டபோது ஜெசிந்தாவுக்குக் காது சூடாகிவிட்டது.

"என்னன்னு தெரியாதுக்கா. எம்புட்டுன்னுதான் தெரியும்."

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. ஆனால் அந்த நிம்மதி அரை நிமிஷம்கூட நிற்கவில்லை.

"அந்த மேட்டுலதான பாப்பா ஓடை பொறக்குது?"

"கணக்குப் போட்டோம்க்கா. அஞ்சுல ரெண்டு பாதிக்கும். மூணு நிக்கும்." ரிஸ்வானாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. "சட்டம் என்ன சொல்லுதுன்னா, மலைக்கு ஒரே எடம். மனுசனுக்கு எங்க அதிகமா நல்லது கெடைக்குதோ அங்க. அத விட்டுட்டு மத்த எடத்துல ஒரு கல்லக்கூடத் தொடக் கூடாது. இது நல்ல சட்டம்க்கா. நாலா பக்கமும் சிதறிக் கட்டுறதவிட இது தேவல."

"அதான் நான் நடக்குறேனே. போதாதா?"

"எங்கம்மா வாரா வாரம் ஒங்க கூட நடக்குறாங்க. முடிச்சிட்டு எந்திரிச்சா பழநி வெயிலு மூஞ்சில அடிக்கும். 'இது நெசம் இல்லல்ல?'ன்னு கேப்பாங்க. சனங்களுக்கு ஒரு நாளாவது நெசமான குளிரு வேணும்க்கா. மலை ஒங்களுக்கு மட்டுமா?"

அந்தப் பெண் சொல்வதில் நியாயம் இருந்தது, அதுதான் கஷ்டம். ஜெசிந்தா பூண்டுத் தோலை ஊதிவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல் கேட்டாள்.

"அந்த முக்குல அவகளுக்கு என்ன தெரியும் படத்துல?"

"புல்லு, பனி, மேகம்."

"வேற?"

"வேற என்ன இருக்கு அங்க? மனுசங்கள எல்லாம் மெஷினே அழிச்சிருமே. யாரையும் கேக்காமப் படம் எடுக்கக் கூடாதுங்குறது ஒரு சட்டம். அதுபோக, பாக்க வர்றவங்களுக்கும் மலை ஆளே இல்லாம இருந்தாத்தான் புடிக்குது."

வியாழக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூட ஹாலில் கருத்துக்கேட்புக் கூட்டம் என்று சொல்லிவிட்டு ரிஸ்வானா கிளம்பினாள். பஞ்சாமிர்தத்தை ஜெசிந்தா திறக்கவே இல்லை.

* * *

அவளுக்குச் சந்தேகம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் சந்தேகத்தை நிரூபிக்க அவளுக்கு மனம் இல்லை. இயற்கைக் காட்சி என்றால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது? வளைவு திரும்பியதும் காற்று முகத்தில் அடிக்கிறது. அதுவாகத்தான் இருக்கும்.

செவ்வாய்க்கிழமை தரையைப் பார்த்துக்கொண்டே மூணாம் முக்கைக் கடந்தாள். ஒரு பூச்சி, ஒரு கூழாங்கல், தன் கால் கட்டைவிரல், இவ்வளவுதான் பார்த்தாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு செருமல் மட்டும் கேட்டது. நடை முடிந்ததும் ரிஸ்வானாவுக்குப் போன் போட்டாள்.

"பாப்பா, இன்னைக்கு நம்பரு எம்புட்டு?"

"தொண்ணூத்தி நாலுக்கா! சூப்பர். ஆனா ஏன் தரையவே பாத்தீங்க? கட்டைவிரலப் பாத்து ஒரு அம்மா தேம்பித் தேம்பி அழுதுட்டாங்களாம்."

ஜெசிந்தா போனை வைத்துவிட்டுத் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். நாற்பத்தேழு வயது. பேரன் எடுத்தாயிற்று. சொல்பேச்சு கேட்காத நெஞ்சை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

புதன்கிழமை மேடு காலியாக இருந்தது. பனி விலகி, வெயில் படிந்து, மேடு முன்னெப்போதையும்விட அழகாகத்தான் இருந்தது. சிவப்பு மட்டும் இல்லை. அவள் நின்று, இந்த முறை வெட்கமில்லாமல், மேட்டின் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை தேடினாள். காய்ச்சலோ? வழுக்கி விழுந்து கிடக்கிறானோ? நடை முடிந்து கம்பெனியில் கேட்டாள். நம்பர் முப்பத்தெட்டு. திருப்பூரில் பத்துப் பதினைந்து பேர் பாதியிலேயே எழுந்து போய், வீட்டில் எல்லாரும் சுகமா என்று போன் போட்டு விசாரித்தார்களாம்.

திரும்பி வரும்போது புஷ்பம் வாசலிலேயே காத்திருந்தாள்.

"ஒன் வீட்டுக்காரரு அதிகாலை பஸ்ல பழநிக்குப் போயிருக்காரு. ரோப் காரு ஓட்ட ஆளு எடுக்குறாகளாம். பாவம், மனுசன் வண்டியத் தொட்டு ஆறு வருசம் ஆச்சுல்ல? வேலை கெடைச்ச மாதிரிதான்னு எறங்கிப் போன பயக சொல்றானுக."

ஜெசிந்தா வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். அவன் நல்லபடியாக இருக்கிறான் என்ற நிம்மதி முதலில் வந்தது. மற்றதெல்லாம் அதன் பின்னால் வந்தது. சாமைமேட்டில் கட்டடம் கூடாது என்று தடுக்க அவளிடம் ஒரே ஒரு வழி இருந்தது. அந்த நம்பர் மேட்டினுடையது அல்ல என்று சொல்ல வேண்டும். யாருடையது என்று கேட்பார்கள். ஊர் முழுக்க உட்கார்ந்திருக்கும் ஹாலில், ஆறு வருடமாக முகம் கொடுத்துப் பேசாத புருஷனைப் பார்த்துத்தான் தனக்குத் தினமும் நெஞ்சு துள்ளுகிறது என்று சொல்ல வேண்டும். மானம் கப்பலேறிவிடும். போகட்டும், அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் கட்டடம் நின்றுபோனால் ரோப் காரும் நின்றுபோகும். ஒரு முறை கை தூக்கி அவன் ஜீப்பைப் பிடுங்கினாள். இப்போது மறுபடி கை தூக்கி, அவன் கைக்கு வரப்போகிற வண்டியையும் பிடுங்க வேண்டும்.

சொல்லாமல் விட்டால் இரண்டு ஓடை போய்விடும். ஒன்று புஷ்பத்தின் பூண்டு வயலுக்குப் பாய்வது. இன்னொன்று ஜெசிந்தா குடம் வைத்துப் பிடிப்பது.

* * *

வியாழக்கிழமை ஹாலில் உட்கார இடமில்லை. கோட்டாட்சியர் மங்கையர்க்கரசி அம்மா மேஜைக்குப் பின்னால் அமர்ந்திருந்தார். அளந்து பேசுகிறவர். ரிஸ்வானா திரையில் கோடு கோடாகக் காட்டினாள். மலை நெடுக ஒரே சீராகப் போன கோடு மூணாம் முக்கில் கோபுரம்போல் எழும்பி நின்றது. ஊரார் கைதட்டினார்கள். பையன்களுக்கு வேலை கிடைக்கும், கார் வராது, ஓடை மூன்று நிற்கும். இதற்குமேல் என்ன வேண்டும் என்று பாதிப் பேர் நினைத்தார்கள். மீதிப் பேர் முணுமுணுத்தார்கள், ஆனால் எழுந்து பேசவில்லை. நாலு வருட ரெக்கார்டை எதிர்த்து யார் பேசுவது?

சகாயம் கடைசி வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். முகத்தை வழித்திருந்தான். மடியில் ஒரு கவர். ரோப் கார் கம்பெனியின் கவராகத்தான் இருக்க வேண்டும்.

"ஆட்சேபணை இருக்கிறவங்க கை தூக்கலாம்" என்றார் கோட்டாட்சியர்.

ஜெசிந்தாவின் வலது கை மடியிலிருந்து பாதி எழுந்தது. நின்றது. பிறகு அவள் கையை இறக்கிவிட்டு எழுந்து, மேஜையைப் பார்க்காமல், கடைசி வரிசைப் பக்கம் திரும்பினாள். ஹாலில் இருந்த இருநூறு தலைகளும் அவளோடு சேர்ந்து திரும்பின.

"ஏங்க," என்றாள்.

ஆறு வருடத்தில் அதுதான் முதல் வார்த்தை. புஷ்பம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் கை தூக்கப் போறேன். போன தடவ சொல்லாமத் தூக்கிட்டேன். தப்புதான். இந்தத் தடவ சொல்லிட்டுத் தூக்குறேன். நான் தூக்குனா ஒங்க ரோப் காரு போயிரும்."

சகாயம் கவரைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், கடைசியாக அவளைப் பார்த்தான்.

"எதுக்குத் தூக்குற? அதச் சொல்லு மொதல்ல," என்றான்.

"அந்தச் சந்தோசம் மேட்டால வரல."

"பின்ன?"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். பிறகு தண்ணீரில் குதிக்கிறவள்போல் சொல்லிவிட்டாள்.

"ஒங்களாலதான் வருது. அங்குட்டுச் சிவப்பு ஸ்வெட்டரப் பாத்தா எனக்கு நெஞ்சு ஏறுது. நான் என்ன செய்ய? பாக்கக் கூடாதுன்னுதான் பாக்குறேன். நேத்து நீங்க இல்ல, நம்பரும் இல்ல. வேணும்னா இந்தப் பிள்ளையக் கேளுங்க."

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு ஹாலே சிரித்தது. கேலியில்லாத சிரிப்புதான், ஆனாலும் ஜெசிந்தாவுக்குக் காது மடல்வரை எரிந்தது. ரிஸ்வானா மட்டும் சிரிக்கவில்லை. அவள் அவசரமாகப் புதன்கிழமை ரெக்கார்டைத் தேடிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் முகம் வெளுத்தது.

"முப்பத்தெட்டு," என்றாள். "மேடம், நாங்க படத்துலருந்து மனுசங்கள அழிச்சிட்டோம். அப்புறம் படத்தப் பாத்துட்டு, அங்க புல்லு மட்டும்தான் இருக்கு, அதனால புல்லுதான் காரணம்னு..." முடிக்காமல் நிறுத்திவிட்டாள்.

கோட்டாட்சியர் பேனாவை மூடினார். "ஒரு நாள் நம்பரையும் ஒரு அம்மா வாய்வார்த்தையையும் வச்சு நான் ஃபைல்ல எழுத முடியாது. அழிக்காத படம் இருக்கா?"

"அறுபது நாளைக்குப் பூட்டி வச்சிருப்போம் மேடம். ஆனா அதத் தொறக்கணும்னா, படத்துல இருக்குற ஆளு சம்மதிக்கணும்."

எல்லாரும் மறுபடி ஜன்னலோரம் திரும்பினார்கள்.

"வேணாம்," என்றான் சகாயம்.

சிரிப்பு அடங்கியது. ஜெசிந்தா மெல்ல உட்கார்ந்தாள். வண்டிக்காக, என்று நினைத்தாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அவனிடமிருந்து எத்தனை முறைதான் பிடுங்குவது? அவளைப் பெரிய மனுஷியாக்க அவன் ஏன் தன் பிழைப்பை விட வேண்டும்?

"காரணம் சொல்ல வேண்டிய அவசியமில்ல," என்றார் கோட்டாட்சியர். "அது உங்க உரிமை. அப்ப நான் அடுத்த..."

"இருங்கம்மா." சகாயம் எழுந்தான். கவரை நாலாக மடித்துச் சட்டைப்பையில் திணித்தான். "வண்டிக்காகச் சொல்லல. அது வேற ஒரு... சரி விடுங்க. அவளே அம்புட்டு சொல்லிட்டா. காட்டித் தொலைங்க."

ரிஸ்வானா திரையை இரண்டாகப் பிரித்தாள். இடது பக்கம், ஆயிரத்து முந்நூறு பேர் பார்த்த மேடு, புல்லும் பனியும் மட்டும். வலது பக்கம் அதே மேடு, அழிக்காமல். அதில் சிவப்பு ஸ்வெட்டர். ஜெசிந்தா முக்கை நெருங்க நெருங்க, ரிஸ்வானா அந்தச் சிவப்பைப் பெரிதாக்கினாள்.

மண்வெட்டி ஒரு பாறைமேல் சாத்தியிருந்தது. சகாயம் ஊற்றில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். துண்டால் துடைத்தான். மடித்துவிட்டிருந்த ஸ்வெட்டர் கையை இறக்கிவிட்டான். பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை சீவினான். சீவ அங்கே அதிகம் இல்லை, இருந்ததை ஒழுங்காகச் சீவினான். பிறகு மேட்டின் விளிம்புக்கு வந்து, போட்டோவுக்கு நிற்கிறவன்போல், மூணாம் முக்கைப் பார்த்தபடி நிமிர்ந்து நின்றான்.

மணி ஏழு பத்து.

ரிஸ்வானா மறுநாளைப் போட்டாள். முகம் கழுவினான், கை இறக்கினான், தலை சீவினான், நின்றான். அதற்கு மறுநாளும் அப்படியே. ஒரு நாள் மழை. யூரியா சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றான், ஆனால் சாக்கைப் போடுவதற்கு முன்னால் தலை சீவியிருந்தான். ஹாலில் இப்போது யாரும் சிரிக்கவில்லை. புஷ்பம் மூக்கைச் சிந்தினாள்.

சுவரோரம் நின்ற வனக்காவலர் தொண்டையைக் கனைத்தார்.

"மேடம், ஒண்ணு சொல்லணும். அந்த மேட்டுல சீகை எல்லாம் போன வருசத்துக்கு முந்துன வருசமே முடிஞ்சிருச்சு. ஒரு கன்னுகூடக் கெடையாது. இவருக்கு இப்ப டூட்டி கூனிப்பாறையில. நாலு கிலோமீட்டர் தள்ளி. 'ஏன்யா லேட்டு'ன்னு தெனமும் கேப்பேன். 'பழைய எடத்துல வேரு துளிர்க்குதான்னு பாத்துட்டு வர்றேன்'னு சொல்லுவாப்ல."

சகாயம் உட்கார்ந்து, துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான். வேர்க்கிறது என்று காட்டிக்கொள்ள முயன்றான். மலையில், ஜனவரி மாதத்தில் யாருக்கு வேர்க்கும்?

ஜெசிந்தா எழுந்து நின்று வலது கையைத் தூக்கினாள். அவள் கைக்கு அப்புறம் புஷ்பம் தூக்கினாள். பிறகு ஒவ்வொன்றாக நிறைய கைகள். கடைசி வரிசையில் ஜன்னலோரமும் ஒன்று.

கோட்டாட்சியர் நெடுநேரம் எழுதினார். பிறகு வாசித்தார். "பதிவான மகிழ்ச்சி, நிலத்தைச் சார்ந்ததல்ல எனத் தெரியவருவதால், சாமைமேடு தேர்வு ரத்து செய்யப்படுகிறது." கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சாதாரணக் குரலில் கேட்டார். "ஊருக்குக் கீழே பழைய கார் பார்க்கிங் இருக்கே, அந்த சிமெண்ட் தரையெல்லாம் என்ன ஆச்சு?"

"அப்படியேதான் கெடக்கு மேடம். பத்து ஏக்கர். புல்லுகூட மொளைக்கல," என்றார் வனக்காவலர்.

"ஏற்கெனவே செத்துப்போன தரைதானே. அங்க கட்டினா யாருக்கு நஷ்டம்? நூத்தி இருபது வேணாம். நாப்பது ரூம். ரோப் காரும் அங்கேயே வந்து நிக்கட்டும்."

ரிஸ்வானா ஜெசிந்தாவின் காதருகே குனிந்தாள். "எனக்கு நாளைக்கு மெமோ வரும்க்கா. பரவால்ல. எங்கம்மாவ அந்த ரூம்ல மொத ஆளா தங்க வைக்கப் போறேன்."

வெளியே வந்ததும் ஊர் நாகரிகமாக விலகி நடந்தது. காதை மட்டும் விட்டுவிட்டுப் போனது. ஜெசிந்தாவும் சகாயமும் பள்ளிக்கூட வேலி ஓரம் நின்றார்கள்.

"சட்டையில யாரும் ஒட்டுக் கேக்கலயே?" என்றான் சகாயம்.

"இது சேலை. கண்ணு தெரியலயா?"

"தெரியுது." கொஞ்சம் தயங்கினான். "ஆறு வருசமா மலைய மூடிட்டாளேன்னு ஒம்மேல கோவம்னு ஊரே நெனைச்சுது. கன்னு புடுங்க ஆரம்பிச்ச மொத வருசமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு ஜெசி. என் ஜீப்பு போன தடத்துலதான் அம்புட்டும் மொளைச்சிருந்துச்சு. நீ தூக்குனது சரிதான். அத வந்து சொல்லத்தான் வாய் வரல."

"வாய் வராதவருக்குச் சீப்பு எதுக்கு?"

அவன் சிரித்தான். முன்பல் ஒன்று விழுந்திருந்தது. எப்போது விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. அது அவளுக்கு என்னவோ செய்தது, இத்தனை நாளும் வராத அழுகை அப்போதுதான் வந்தது.

* * *

பத்து நாள் கழித்து ரிஸ்வானா போன் செய்தாள். மெமோ வந்துவிட்டதாம், வேலை போகவில்லையாம்.

"அக்கா, மூணாம் முக்கு செத்துப்போச்சு. அறுவத்தி மூணு. எல்லா எடம் மாதிரியும் ஆயிருச்சு."

"அதுக்கு நான் என்ன செய்யட்டும்? ரோப் காரு வர்ற வரைக்கும் அந்த மனுசன் கூனிப்பாறைக்கு நேரத்துக்குப் போறாரு."

"அது தெரியும். ஆனா நம்பரு ஏறுற புள்ளி வேற எடத்துக்கு வந்துருச்சு. நீங்க காலைல சட்டையப் போட்டதும் பட்டை ஓட ஆரம்பிச்சிருது. வீட்டுக்குள்ள படம் கெடையாது, வெறும் இருட்டுத்தான். அந்த இருட்டுல காத்துக்கிட்டு ஒக்காந்துருக்குற ஆயிரத்து முந்நூறு பேருக்கும் தெனம் ஆறே காலுக்கு நெஞ்சு ஏறுது. தொண்ணூத்தேழு."

ஜெசிந்தா பதறினாள். "ஐயையோ! நாப்பது ரூமும் எங்க வீட்டுக்குள்ளயா கட்டப் போறீக?"

"அட அது இல்லக்கா. அந்தத் துண்ட நான் வெட்டிருவேன். ஆனா வெட்டுறதுக்கு முன்னாடி அது என்னன்னு ஒரு பேரு எழுதணும், மெஷினு கேக்குது. அங்கதான் கொழப்பம். கீழ ஒக்காந்துருக்குறவங்கள்ல பாதிப் பேரு கோவமா வருதுங்குறாங்க, பாதிப் பேரு சந்தோசமா வருதுங்குறாங்க. அப்ப என்னதான் நடக்குது அங்க?"

"ஒண்ணுமில்ல. காப்பி போட்டுக்கிட்டே சண்ட போடுறோம்."

"எதுக்கு?"

ஜெசிந்தா அடுப்படியை எட்டிப் பார்த்தாள். சகாயம், அவள் தேய்த்துக் கவிழ்த்து வைத்த பாத்திரங்களை எல்லாம் தன் இஷ்டத்துக்கு இடம் மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தான். நாளைக் காலைக்குக் காரணம் தயாராகிவிட்டது.

"அது தெனம் ஒண்ணு இருக்கும்," என்றாள்.

"அப்ப எதுலக்கா போட? கோவத்துலயா, சந்தோசத்துலயா?"

"ரெண்டுலயும் போட்டுக்கோ," என்று சொல்லிவிட்டு, போனை வைத்து, அந்தப் பாத்திரங்களைப் பற்றிக் கேட்க அவள் உள்ளே போனாள்.